டைட்டில் கார்டில் பெயர் வந்தால் வசவும் வரும்

பழைய நாவல்களைத் தொடராக எடுக்கிறவர்கள் கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடிப் பக்கம் வந்தால் இடம் மட்டும் பார்ப்பதில்லை, விஷயம் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரையும் தேடுகிறார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், கோயில் குருக்கள், இல்லாவிட்டால் என்னைப் போல வருவாய்த் துறையில் காலத்தை ஓட்டிவிட்டு வீட்டோடு இருப்பவர். அப்படி உங்களை யாராவது கூப்பிட்டால், தலையாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. நாவல், தொடர், கம்பெனி எதன் பெயரையும் எழுதப்போவதில்லை. எனக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் நிற்கிறது.

கதை 1924 வெள்ளத்தில் ஆரம்பித்து, 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த காலம் வரைக்கும் போகிறது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு மிராசு குடும்பம், அதை அண்டியிருக்கும் தெருக்கள், சேரி, ஆறு, இவ்வளவுதான். அந்த நாவலைப் பற்றி ஒரு நூலகக் கூட்டத்தில் பேசினேன். அது எப்படியோ கம்பெனியின் காதுக்குப் போய், ஓர் உதவி இயக்குநர் வீட்டுக்கு வந்தார். சின்னப் பையன், மரியாதை தெரிந்தவர், திண்ணையில் உட்காரச் சொன்னாலும் நான் உட்காரும்வரை நின்றுகொண்டிருந்தார். “நீங்க கூட இருந்தா போதும் ஐயா, தப்பே வராது” என்றார். மொத்தம் 75,000 ரூபாய் பேச்சு. முன்பணம் 25,000. அதில் பத்து சதவீதம் வரி பிடித்துக்கொண்டு 22,500 என் கணக்குக்கு வந்தது. மீதி படப்பிடிப்பு முடிந்ததும் என்றார்கள். எழுத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. நானும் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பட்டாவும் அடங்கலும் பார்த்த மனுஷன், தன் விஷயத்தில் வாய்ப்பேச்சை நம்பிவிட்டானே என்று என் மகள் இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

வேலை எப்படி நடந்தது என்றால், அடுத்த நாள் எடுக்கப்போகும் காட்சியின் வசனம் முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரும். நான் உட்கார்ந்து குறிப்பு எழுதி, போனில் சொல்லுவேன். சில நாள் காரில் கூட்டிப்போவார்கள், சில நாள் நானே போகவேண்டும். பெட்ரோல், பழைய பத்திரங்களின் நகல், இரவல் வாங்கிக் கொடுத்த பாத்திரம் பண்டத்துக்குப் போக்குவரத்து எல்லாமாகச் சேர்த்து என் கையிலிருந்து பதினைந்தாயிரத்துக்கு மேல் போயிருக்கும். “பில் குடுங்க ஐயா, சேர்த்துப் போட்டுரலாம்” என்றார்கள். பில்லை எல்லாம் மூலமாகவே கொடுத்துவிட்டேன். நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

நல்ல நாட்களும் இருந்தன. களத்தில் நெல் அளக்கிற காட்சி ஒன்று. அளக்கிறவராக நடித்தவர் மரக்காலைக் கவிழ்த்து “ஒண்ணு” என்று ஆரம்பித்தார். நிறுத்தச் சொன்னேன். எங்கள் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், “லாபம்” என்பார்கள். அப்புறம்தான் ரெண்டு, மூணு. அந்த நடிகருக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. நெல் விழும் சத்தத்தோடு சேர்த்து “லாபம்… லாபம்…” என்று ஒரு இழுவை கொடுத்தார். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று கணக்குச் சொல்லி, கலத்துக்கு ஒரு கோடு கரித்துண்டால் சுவரில் இழுக்கவும் வைத்தேன். அந்தக் காட்சி அப்படியே தொடரில் வந்தது. அதைப் பற்றி ஒரே ஒருவர்தான் எனக்குப் பேசினார். வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா, எங்கிருந்தோ நம்பர் வாங்கி, “லாபம்னு சொல்ல வச்சது யாரு தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சரியாக வந்ததைப் பற்றி யாரும் அபிப்பிராயம் சொல்வதில்லை. அதை முதலிலேயே மனதில் போட்டுக்கொண்டால் பாதி வருத்தம் மிச்சம்.

தொடர் ஒளிபரப்பான முதல் நாள், ‘வரலாறு, வட்டார வழக்கு ஆலோசனை’ என்று போட்டு, அதற்குக் கீழே என் பெயர் மட்டும் தனியாக ஒரு கார்டு முழுக்க வந்தது. வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் நன்னிலத்திலிருந்து சித்தப்பா போன். “ஏண்டா தம்பி, இலை போடக்கூடவா உனக்குத் தெரியாமப் போச்சு?” கல்யாணப் பந்திக் காட்சியில் நுனி இலை வலது கைப் பக்கம் கிடந்தது. அன்றைக்கு என்னைக் கூப்பிடவே இல்லை, அந்தக் காட்சி எடுத்ததே எனக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் சொன்னேன். “பேர் உன்னோடதுதானே போட்டிருக்கு?” என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? அந்த வாரம் முழுக்க டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல் எங்கே போனாலும் இலைதான். கும்பகோணம் பாத்திரக் கடையில் எனக்கு முன்பின் தெரியாத ஒருவர், கல்லாவில் பணம் கட்டிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்து “நுனி எந்தப் பக்கம் சார் வரணும்?” என்று பரீட்சை வைத்தார்.

அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்றாக வந்தன. 1938-ல் நடக்கிற சந்தையில் “ஐம்பது பைசா” என்று ஒருத்தி விலை சொன்னாள். நயா பைசா வந்ததே 1957 ஏப்ரலில். அதற்கு முன் அணா, காலணா, தம்பிடி. 1931-ல் ஒரு பாத்திரம் “மேட்டூர்ல தண்ணி விடட்டும், நாத்து விடலாம்” என்றது. மேட்டூர் அணை முடிந்தது 1934-ல். அதற்கு முன்னால் குடகில் மழை பெய்து ஆறு தானாகப் பெருகி வரவேண்டும், திறக்கிற தேதியும் இல்லை, மூடுகிற தேதியும் இல்லை. மிராசுதார் தன் நிலத்தை “முன்னூறு ஏக்கர்” என்று பெருமையடித்தார். எங்கள் ஜில்லாவில் அந்தக் காலத்தில் நிலம் என்றால் வேலிக் கணக்குதான். இருபது மா ஒரு வேலி, ஏறக்குறைய ஆறரை ஏக்கர். மாயவரம் ஸ்டேஷன் பலகையில் மயிலாடுதுறை என்று இருந்தது, மேலே மின்கம்பி ஓடியது. வில்லன் “அங்குட்டுப் போ, இங்குட்டு வா” என்று மதுரைப் பேச்சுப் பேசினார். பேசியவர் நல்ல நடிகர், நன்றாகத்தான் செய்தார், ஆனால் திருவிடைமருதூர் மிராசுதார் அப்படிப் பேசமாட்டார்.

இதில் ஏக்கரும் மேட்டூரும் பைசாவும் நான் குறித்துக் கொடுத்தவை. போனில் சொன்னேன், “சரிங்க ஐயா” என்று பதிலும் வந்தது. அப்புறம் யாரிடம் போய்ச் சேர்ந்ததோ. பிறகுதான் இந்தத் தொழிலின் போக்கு பிடிபட்டது. பேச்சில் வருகிற தப்பை டப்பிங் வரைக்கும் திருத்தலாம். ‘ஏக்கர்’ என்று வாய் அசைந்த இடத்தில் ‘வேலி’ என்று போட்டால் யாருக்கும் தெரியாது. ஆகவே டப்பிங் முடிவதற்கு முன் ஒருமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பொருளில் வருகிற தப்பை, அதாவது இலை, பாத்திரம், பலகை, புடவைக்கட்டு இவற்றை, கேமரா ஓடுவதற்கு முன்னால்தான் பிடிக்கலாம். அதற்கு நீங்கள் அந்த இடத்தில் இருக்கவேண்டும், அல்லது கலை இயக்குநரின் ஆள் ஒருவர் காட்சி அமைத்ததும் உங்களுக்குப் போட்டோ அனுப்பவேண்டும். பருவத்தில் வருகிற தப்பை மட்டும் படப்பிடிப்புத் தேதி போடும்போதே பிடித்தால்தான் உண்டு. அதற்குப் பிறகு பிரம்மா வந்தாலும் முடியாது.

பருவம் என்று சொன்னது ஆடிப்பெருக்குக் காட்சியை நினைத்து. அவர்கள் எடுத்தது மாசி மாதம். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், மாசியில் காவிரி வெறும் மணல். ஒரு குளத்தின் படித்துறையில் எடுத்து, ஆற்றுத் தண்ணீரை கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள். காப்பரிசி, காதோலை கருகமணி, பிள்ளைகள் இழுக்கிற சப்பரம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தோம். பெண்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதையும் கேட்டேன். ஆனால் விவசாயிகள் கண் வேறு எங்கோ போயிருக்கிறது. பின்னால் ஒரு கணம் தெரிகிற வயலில் அறுத்த தாள் நிற்கிறது, அதன் நடுவே அறுவடை மெஷின் போன தடம் இரண்டு வரியாகப் பளிச்சென்று தெரிகிறது. வேறொரு காட்சியில் கதாநாயகி நடந்துபோகிற வரப்பின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரக் கதிர். அந்தக் காலத்துச் சம்பா நெஞ்சு உயரம் நின்று, காற்றடித்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும். குட்டை ரகம் இங்கே பரவியது 1966-ல் ஐ.ஆர். 8 வந்ததற்கு அப்புறம். பாபநாசத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு விவசாயி சொன்னார்: “கதை நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா வயலைக் காட்டுனா எனக்கு ரகம்தான் தெரியுது, பொண்ணு தெரிய மாட்டேங்குது.” எனக்கு வந்த அபிப்பிராயங்களிலேயே மிகவும் ரசித்தது இதைத்தான். பாரம்பரிய நெல் போடுகிறவர்கள் இன்றைக்கும் டெல்டாவில் இருக்கிறார்கள். தை பிறப்பதற்கு முன் தேதி வைத்து அவர்களில் ஒருவர் வயலில் எடுத்திருந்தால் செலவு ஒன்றும் கூடியிருக்காது.

யாருமே கண்டுபிடிக்காத தப்பும் உண்டு. கர்ணத்தை ஊரையே ஆட்டிப் படைக்கிறவராகக் காட்டி, அவரே வரியும் வசூலித்தார். கணக்கு எழுதுகிறவர் கர்ணம், வரி வசூல் மணியக்காரர் வேலை. 1980-ல் அந்தப் பரம்பரைப் பதவிகளையே எடுத்துவிட்டதால் இந்த வித்தியாசம் எங்கள் துறைக்காரர்களைத் தவிர யாருக்கும் நினைவில் இல்லை. எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்தது இதுதான் என்றால் என் வீட்டில் சிரிக்கிறார்கள்.

நாவல் படித்தவர்களின் கோபம் வேறு மாதிரி. அவர்களுக்கு இலையும் நெல்லும் ஒரு பொருட்டில்லை. நாவலில் அந்தப் பெண், கணவன் வீட்டைவிட்டுப் போகச் சொன்னதும் வாயே திறக்கமாட்டாள். அவள் மனதில் ஓடுவதைத்தான் ஆசிரியர் எழுதிக்கொண்டு போவார். தொடரில் அவள் கூடத்து நடுவில் நின்று நீளமாக வசனம் பேசுகிறாள், பின்னால் வயலின் அழுகிறது. கும்பகோணத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா, என் பள்ளித் தோழரின் அக்கா, இதற்காக என்னிடம் அரைமணி நேரம் சண்டை போட்டார். “அவ பேசாததுதானே கதை?” என்றார். நாவலே படிக்காத என் மருமகளுக்கோ அந்த வசனம் முடிந்ததும் கண்ணில் தண்ணீர். “இவ்வளவு நாள் ஏன் பேசாம இருந்தா?” என்றாள். இந்த விஷயத்தில் நான் தொடர் பக்கம்தான். மனசுக்குள் ஓடுவதை வீட்டு வேலைக்கு நடுவே டிவி பார்க்கிறவர்களுக்கு எப்படிக் காட்டுவது? ஆனால் மூன்றாவது வாரத்தில் நாவலில் இல்லாத ஒரு கொழுந்தனைக் கொண்டுவந்து, அவன் பாலில் எதையோ கலக்குகிறதாகக் காட்டினார்களே, அதற்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியாது. அதற்கும் என்னைத்தான் கேட்டார்கள். வரலாறு ஆலோசனை என்றால் கதையையும் நான்தான் எழுதுகிறேன் என்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்று திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த பெரியவர். அவர் அப்பா பண்ணையாளாக இருந்தவர். போனில் இல்லை, நேரில் வந்தார், அதுவும் இரண்டு பஸ் மாறி. நாவலில் சங்கம் வந்த பிறகு சேரியில் நடப்பதைச் சொல்ல ஒரு அத்தியாயம் முழுக்க உண்டு. சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கிற சாணிப்பாலும் சவுக்கடியும் கதையாகச் சொல்கிற விஷயமில்லை, கீழத்தஞ்சையில் நடந்தவை. கூலி நெல்லை எப்படி அளந்தார்கள், 1952 சட்டம் வந்த செய்தி தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்றெல்லாம் நாவலில் வரும். தொடரில் அந்த அத்தியாயம் சுத்தமாகக் காணோம். பண்ணையாட்கள் வருகிறார்கள், துண்டை இடுப்பில் கட்டுகிறார்கள், “சரிங்க எஜமான்” என்கிறார்கள், போய்விடுகிறார்கள். பெரியவர் சத்தமே போடவில்லை. “நெல்லு அளக்குறத அவ்வளவு அழகாக் காட்டுனீங்க. அளந்தவனுக்கு அதுல எவ்வளவுன்னு காட்டலையே” என்றார். நான் பெருமைப்பட்ட அதே காட்சி. அந்த அத்தியாயத்தின் வசனம் எனக்கு வரவே இல்லை, படத்தில் இல்லை என்பதே ஒளிபரப்பில்தான் தெரியும் என்றேன். அவர் நம்பினார். “அப்ப அதை நாலு பேருக்குச் சொல்லுங்க” என்றார். மோர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி உதவி இயக்குநருக்குப் போன் போட்டேன். “அது சென்சிட்டிவ் ஐயா, மேல வேண்டாம்னுட்டாங்க” என்றார்.

அதிலிருந்து எனக்கு வரும் அபிப்பிராயங்களை நான் வேறு விதமாகக் கேட்க ஆரம்பித்தேன். கண்ணுக்குத் தெரிகிற தப்பைச் சொல்கிறவர்கள் நிறைய, சத்தமும் ஜாஸ்தி. ஒரு வாரத்தில் அடங்கிவிடும், பதிலே தேவையில்லை. இல்லாததைக் கேட்டு வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். அவர்களுக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். அடுத்ததாக, “நான் சொன்னேன், அவங்க கேக்கலை” என்று எல்லோரிடமும் புலம்பாதீர்கள். உண்மையாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள், கம்பெனி காதுக்குப் போனால் அதைச் சாக்காக வைத்துப் பணத்தை இழுப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. “நீங்க வெளில தப்பாப் பேசுறீங்களாமே” என்றார் கணக்குப் பார்க்கிறவர். பாக்கி 50,000, நான் போட்ட செலவு வேறு.

வக்கீலாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் போனேன். ஒப்பந்தம் எங்கே என்றார். இல்லை. நான் சொன்ன திருத்தங்கள்? எல்லாம் போனில். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. அப்புறம் அவரே கேட்டார், முன்பணத்தில் வரி பிடித்தார்களே, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டுகிற 26ஏஎஸ் படிவத்தைப் பார்த்தீர்களா என்று. வருமான வரித் தளத்தில் எடுத்துப் பார்த்தால், கம்பெனியின் பெயரோடு, தொழில்முறைக் கட்டணத்துக்கு வரி பிடித்ததாக அவர்களே கட்டிய கணக்கு அதில் இருக்கிறது. என்னை வேலைக்கு வைத்ததற்கு அவர்கள் கையாலேயே எழுதிய ஆதாரம் அது ஒன்றுதான். கூடவே, வசனம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், டைட்டில் கார்டின் படம். செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்குப் போட பொதுவாக மூன்று வருஷம் கெடு இருக்கிறது, அதற்குள் செய்யவேண்டும் என்றார். நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. பணம் வந்தால் எழுதுகிறேன்.

ஆகவே யாராவது கூப்பிட்டால் ஒரே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள், மெயிலில் வந்தாலும் போதும். எந்தெந்தக் காட்சிக்கு நீங்கள் பொறுப்பு, வசனம் எத்தனை நாள் முன்னால் உங்கள் கைக்கு வரும், டப்பிங் கேட்க முடியுமா என்பது அதில் இருக்கட்டும். பணத்தை முடிவில் மொத்தமாக வைக்காமல், படப்பிடிப்புக் கட்டம் ஒவ்வொன்றும் முடிய ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துச் செலவு தனி. டைட்டிலில் என்ன போடுவார்கள் என்பதையும் வார்த்தை வார்த்தையாக எழுதச் சொல்லுங்கள். ‘ஆலோசனை’ என்று போட்டால் பொறுப்பு உங்கள் தலையில், ‘நன்றி’ என்று போட்டால் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் பெயரை எடுக்கச் சொல்லும் உரிமையையும் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள், அவர்களுக்கு அதில் நஷ்டமில்லை. போனில் எது சொன்னாலும், அன்றைக்கே அதை எழுத்தாகவும் அனுப்பிவிடுங்கள்.

போன மாதம் வேறொரு கம்பெனியிலிருந்து பேசினார்கள். இவர்களும் ஒரு நாவல்தான் வைத்திருக்கிறார்கள், கதை தஞ்சாவூர் மராட்டியர் காலம். மேலே சொன்னதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். “நமக்குள்ள பேப்பர் எல்லாம் எதுக்குங்க ஐயா” என்று பதில் வந்தது. பேப்பர் வந்தால் வருகிறேன் என்றேன். மரக்காலும் வேலியும் எனக்குத் தெரியும், மராத்தியை அந்தக் காலத்தில் எழுதிய மோடி எழுத்து தெரியாது. அந்தக் காலத்து ஆவணங்கள் மோடியில்தான் நிறைய இருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தவரைச் சரஸ்வதி மகாலிலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ விசாரித்து, அவருக்கும் தனியாகச் சம்பளம் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.